ஸ்டேசன் மாஸ்டரின் வளையமும் பாக்களவுச் சுரப்பியும்

கற்பூரத்தைக் கொளுத்தி, அதன் மேல் கையடித்துச் சத்தியம் செய்துவிட்டுத்தான் இதை எழுத உட்காருகிறேன். இனி வரும் சொல் ஒவ்வொன்றும் உண்மை. ஒரு சொல் பொய்யானாலும் என் வாயில் எஞ்சியிருக்கும் பற்கள் அத்தனையும் இன்று மாலைக்குள் உதிரட்டும். எஞ்சியவை எத்தனை என்று கேட்பது பண்புள்ள வாசகருக்கு அழகல்ல.

வாழ்க சிவபாதசுந்தரம்! வண்டி வராத நிலையத்தின் வாடாத அதிபன் வாழ்க! பச்சைக்கொடி தாங்கிய பருங்கையன், செங்கொடி விரித்தால் இரும்புப் பூதங்களும் இடைவழியில் இரைந்து நிற்கும் ஏற்றத்தான், ஊதுகுழலோன், வெண்காற்சட்டை வேந்தன், வெயிலிலும் மழையிலும் மடிப்புக் கலையாத மேற்சட்டை மன்னன் வாழ்க! அவனுடைய நீர்ப்பையின் அடியில், நீர்வழியை வளைத்துப் பிடித்துச் சுங்கம் வாங்கும் சிற்றரசனைப்போலக் குந்தியிருக்கும் பாக்களவுச் சுரப்பியே, பாடப்புத்தகங்கள் முன்னிற்கும் சுரப்பியென்றும் பயந்தவர்கள் புரொஸ்டேட் என்றும் அழைக்கும் பெருந்தகையே, நீயும் வாழ்க! இளமையில் உன்னை எவரும் நினையார். அறுபது கடந்தபின் உன்னையன்றி வேறெதையும் நினையார். வந்து என் நாவில் அமர்ந்து இக்காவியத்தை நடத்துவாயாக. வேண்டாம், நீ இருக்கும் இடத்திலேயே இரு. அங்கிருந்தே அருள் செய்.

காலம், போர்க்காலம். வடக்கே ஓடிய தண்டவாளங்களைப் போர் பிடுங்கி எறிந்து, சிலிப்பர்க் கட்டைகளைப் பதுங்குகுழிகள் விழுங்கி முடித்தபின், கொடியசைக்க வண்டியும் கொடியோடு நிற்க மேடையும் அற்றுப்போன நம் வீரன், கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கையொன்றில், மயிலம்மா என்னும் கைம்பெண் பெருமாட்டி வாடகைக்கு விட்ட அறைகளுள் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, டொராண்டோவில் இருக்கும் ஒரே மகளிடம் போவதற்கான விசாவை எதிர்பார்த்திருந்தான். அந்த வீட்டில் இருந்த ஆண்கள் எல்லோருமே எதையோ எதிர்பார்த்திருந்தவர்கள்தான். ஆண்டுக்கணக்காய்க் காத்திருக்கக் கற்ற அவ்வீரர்களால் கணப்பொழுதும் காத்திருக்க முடியாத இடம் ஒன்று இருந்தது. கூடத்தின் ஓரத்தில், நீலக் கதவும் நெளிந்த தாழ்ப்பாளுமாய் நின்ற, குளிப்பதற்கும் உரிய கக்கூஸ் அது.

மயிலம்மாவின் அரசியற் சட்டம் மிகச் சுருக்கமானது. முதலாவது, வந்தவுடன் பொலிசில் பதியவேண்டும். இரண்டாவது, ஆம்பிளை எவனும் குசினியின், அதாவது சமையலறையின், வாசற்படியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மறுநாள் அறை இல்லை. வவுனியாச் சோதனைச் சாவடியைத் தாண்டி வந்த வீரரெல்லாம் அந்த வாசற்படியின் முன் ஆட்டுக்குட்டிகளாய் நின்று, தேத்தண்ணீரைக் கை நீட்டி வாங்கிக்கொண்டு திரும்பினார்கள்.

காலைதோறும் நீலக் கதவின் முன் வகுக்கப்பட்ட அணியை என்னென்று சொல்வேன்! தோளில் துவாய், வாயில் பற்பொடி, கண்ணில் கொலைவெறி, கையில் வாளி. வாளியோடு வாளி மோதி எழுந்த பேரோசையில் காலி வீதிக் காகங்கள் தெகிவளைக்குக் குடிபெயர்ந்தன. அந்த அணியில் மயிலம்மாவையோ, அவளுக்குச் சமையலில் கைகொடுத்த மலையகத்து ஆறாயியையோ ஒருநாளும் எவரும் கண்டதில்லை. "அந்த மனிசி விரதகாரி, உடம்பை அடக்கி வச்சிருக்குது" என்று வீரர்கள் வியந்து, அவ்வியப்போடு அவ்விசாரணையை முடித்துக்கொண்டார்கள். ஆண்பிள்ளைகளின் அறிவு அவ்வளவில் நிற்கக் கடவது.

இந்தக் கலகத்தை அடக்க நம் வீரன் ஓர் உபாயம் கண்டான். ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிர் வண்டிகள் மோதாதிருக்க, பிரம்பு வளையமொன்றில் தோற்பை கட்டிச் சாரதியிடம் கொடுப்பது ரயில்வே வழக்கம். வளையம் எவன் கையிலோ அவனுக்கே பாதை. வளையமில்லாதவன் எத்தனை அவசரக்காரனானாலும் சிவப்பு விளக்கின் முன் பெருமூச்சு விட்டுக்கொண்டு நிற்க வேண்டியதுதான். வேலையைவிட்டு வரும்போது நினைவுப் பொருளாய்க் கொண்டுவந்த வளையமொன்றை நீலக் கதவின் ஆணியில் மாட்டி, வெண்காற்சட்டை வேந்தன் முழங்கினான்:

"இன்றுமுதல் வளையமின்றி எவரும் இவ்வழி புகற்க! வளையம் பெற்றவனே வழி பெற்றவன்! நோயாளி வந்தால் மற்றையோர் விலகி நிற்க! இது ஒற்றைப் பாதை; ஒற்றைப் பாதையின் தர்மம் இதுவே!"

அனைவரும் தலைவணங்கினர், ஒருவனைத் தவிர. அவன் யோகநாதன். காலி நகரத்து நீதிமன்றத்தில் நெடுங்காலம் கோட்டு மொழிபெயர்ப்பாளனாய் இருந்து, சிங்களத்தைச் சிங்களவரே திரும்பிப் பார்க்கும் சிங்காரத்தோடு பேசக் கற்றவன். கொலைகாரருடைய பொய்களையெல்லாம் இரு மொழிகளிலும் கேட்டுப் பழகியதால் எவருடைய மெய்யையும் நம்பாதவன். அவனுக்கும் வயது அறுபதைக் கடந்திருந்தது. உள்ளே போனால் துளியைத் துளியாய் வேண்டிப் பெற்று வெளியே வருவதற்குள் வாசலில் நின்றவர்களுக்கு ஒரு யுகம் கழியும். "எனக்கொரு வருத்தமும் இல்லை. ஆறுதலாப் போறது என்ர சுபாவம்" என்று, மெதுவாய்ப் போவதே தன் இயல்பென்பது அவன் வாக்குமூலம்.

இவ்வாறு செங்கோல் கோணாது நடந்த நாளையில், மாசி மாதத்துக் காலையொன்றில், நம் வீரனின் மேனிமேல் படையெடுப்பு நிகழ்ந்தது. முன்னறிவிப்பில்லை, தூதில்லை. முதலில் குளிர்க்காய்ச்சலாகிய குதிரைப்படை வந்தது. அதன் குளம்படியில் அவன் படுத்திருந்த கட்டில், பாலம் கடக்கும் பெட்டிபோலக் கடகடத்தது. அடுத்து, நீர் கழிக்கும்தோறும் எரியம்புகள் பாய்ந்தன. அடிவயிற்றில் அழுத்தம், இடுப்பில் நோவு, குந்தினால் குந்துமிடத்தில் முள். போய்வந்த சுவடு ஆறுமுன் மறுபடி போகவேண்டும். போனால் வருவதோ நாலு துளி. அந்த நாலு துளியும் நெருப்பு.

இந்நிலையில் மதியுடையோன் செய்வது என்ன? மருத்துவனிடம் போவான். நம் வீரன் செய்தது என்ன? தண்ணீர் குடிப்பதை நிறுத்தினான். குடித்தால்தானே போகவேண்டும் என்பது அவன் கண்ட தத்துவம். உள்ளே நின்ற பகைவனுக்கு இதைவிடப் பெரிய உபகாரத்தை எந்த அரசனும் செய்ததில்லை. பிறகு, எவனோ சொன்னானென்று, எந்த வைத்தியனையும் கேளாமல், தானே போய் இரத்தம் கொடுத்து, அச்சுரப்பிக்கென்று உள்ள சோதனையைச் செய்வித்தான். நாலுக்குள் நிற்கவேண்டிய இலக்கம் பதினான்கில் நின்றது. அந்த இலக்கத்தின் பொருளை அறிய அவன் நாடியது யாரை? லண்டனில் பெற்றோல் ஷெட்டில் வேலை பார்த்த மைத்துனனை. கடல் கடந்த தொலைபேசியில், பெற்றோல் அடித்த கையால், அந்த மாமேதை தீர்ப்பெழுதினான்: "அத்தான், அது கான்சர் நம்பர்."

வாசகரே, இங்கேதான் நம் வீரனின் பெருமை ஓங்கி எழுகிறது. கான்சர் உறுதியானால் கனடாக்காரன் நடத்தும் மருத்துவப் பரிசோதனையில் விசா போய்விடும். மகளின் முகத்தை இனிக் காணமுடியாது. ஆகவே மருத்துவனிடம் போய் அதை உறுதிசெய்துகொள்ளமாட்டான். ஆனால் கான்சர்காரனுக்கு வளையம் நிரந்தரமாய்ச் சொந்தம். அதைத் தானே சட்டமாக்கியிருக்கிறான். ஆகவே வீட்டாரிடம் அதைச் சொல்லாமலும் இருக்கமாட்டான். இப்படியாக, நீலக் கதவின் முன் தீராத நோயாளியாகவும், ஒழுங்கையைத் தாண்டினால் பூரண சுகதேகியாகவும், ஒரே உடம்பில் இரண்டு மனிதராய் அவன் வாழத் தொடங்கினான்.

"எனக்குக் கான்சர்" என்று அவன் கூடத்தில் பிரகடனம் செய்த கையோடு, வளையத்தை எடுத்துத் தன் கழுத்திலேயே மாட்டிக்கொண்டான். அதன்பின் அது இறங்கவேயில்லை. கோப்பையில் முந்திரிகைப்பழம் வந்தது, ஹோர்லிக்ஸ் வந்தது, எதிரில் வருவோர் குரலைத் தாழ்த்தினார்கள். அவனோ பூமாலை சூடிய வெற்றி வேந்தன்போலப் பிரம்புமாலை சூடி, நாளெல்லாம் நீலக் கதவினுள் புகுந்தும் போந்தும் உலாவினான். பயப்படவில்லையா என்றால், பயந்தான். மகளின் கல்யாணப் படத்தைக் கட்டிலின் கீழிருந்த பெட்டிக்குள் கவிழ்த்து வைத்தான், அவள் பார்த்துவிடக் கூடாதென்று.

யோகநாதன் மட்டும் அசையவில்லை. வளையம் போனபின் தன்னுடைய முறை நடுப்பகலுக்குத் தள்ளப்பட்டதில் அவன் நெஞ்சு தணலாய்க் கனன்றது. கோட்டில் பழகிய நாவைத் தீட்டிக்கொண்டு குறுக்கு விசாரணைக்கு இறங்கினான்.

"மாஸ்டர், உங்களுக்குக் காய்ச்சல் எப்ப தொடங்கினது?"

"திடீரெண்டு. ஒரு விடியக்காலமை."

"குளிரும் நடுக்கமும்?"

"கட்டில் ஆடினது. நீர்தானே வந்து பிடிச்சனீர்."

"எரியுதோ?"

"நெருப்பு, யோகநாதன், நெருப்பு."

"என்ர பெரியப்பாவுக்கும் அந்த இடத்திலதான் கான்சர். அந்த மனிசன் ரெண்டு வருசம் ஒண்டும் தெரியாமல் சைக்கிள் ஓடித் திரிஞ்சது. காய்ச்சலும் இல்லை, எரிவும் இல்லை. உங்கட கான்சர் மட்டும் ஏன் மாஸ்டர் இப்பிடி மேளமடிச்சுக்கொண்டு வந்தது?"

"ஆளுக்காள் வித்தியாசம்!" என்று உறுமிவிட்டு, வீரன் வளையத்தைப் பற்றிக்கொண்டு நீலக் கதவினுள் மறைந்தான். உள்ளிருந்து முனகல் கேட்டது.

வழக்கை முடித்துவைத்தவள் மயிலம்மா. ஒருநாட் காலை வீரனின் உடம்பு அனலாகி, வாய் பிதற்றி, இல்லாத வண்டிக்கெல்லாம் அவன் கொடி காட்டத் தொடங்கவே, பெருமாட்டி குசினி வாசற்படியில் நின்றபடி தீர்ப்பளித்தாள்.

"மாஸ்டர், உங்களை நான் பொலிசில பதிஞ்சு வச்சிருக்கிறன். நீங்கள் இங்க கிடந்து செத்தால் நான்தான் போய்ப் பதில் சொல்லவேணும். டொக்டரட்டப் போறியளோ, அறையை விடுறியளோ?"

"வெள்ளவத்தை டொக்டரட்டப் போகமாட்டன்" என்றான் வீரன், பல் கிட்ட. "அங்க வாங்கில குந்தி முறைக்குக் காத்திருக்கிறதெல்லாம் எங்கட சனம். நான் உள்ளுக்க போய் வெளியில வாறதுக்கிடையில டொராண்டோவில மகள் அழத் தொடங்கிடுவாள்."

"அப்ப கொட்டாஞ்சேனைக்குப் போவம்" என்றான் யோகநாதன். "அங்க ஹாஷிம் டொக்டரைத் தெரியும். நான் கூட்டிக்கொண்டு போறன். ஆனால் ஒரு கதை. அவர் கான்சர் எண்டு சொன்னால் வளையத்தை நான் சாகுமட்டும் கேக்கமாட்டன். இல்லையெண்டால் வளையம் எனக்கு."

அன்பினாலன்று, அருளினாலன்று, ஒரு கக்கூஸ் ஆசையினால் மனிதன் மனிதனுக்கு உதவிய அரிய தருணம் அது. அதைப் பதிவுசெய்வதில் பெருமையடைகிறேன்.

பகைவர் இருவரும் ஒரே பஸ்ஸில் ஒரே ஆசனத்தில் அமர்ந்து புறப்பட்டார்கள். ஒருவன் அமர்ந்தான், மற்றவன் ஆசனத்தின்மேல் மிதந்தான். பம்பலப்பிட்டி கடந்தது, கொள்ளுப்பிட்டி கடந்தது. குழியொவ்வொன்றிலும் பஸ் துள்ள, துள்ளுந்தோறும் வீரன் தன் முன்னோரை ஒருவர்பின் ஒருவராய் நினைவுகூர்ந்தான். காலிமுகத்திடலை அணுகுகையில் சோதனைச் சாவடி. எல்லோரும் இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்து, வரிசையில் நடக்கவேண்டும். அலைகடல் ஒருபுறம் ஆர்ப்பரிக்க, அதைவிடப் பெருங்கடல் ஒன்று தன்னுள் ஆர்ப்பரிக்க, காலோடு கால் பின்னி, ஒற்றைக்காலில் நின்று, மறுகாலுக்கு மாறி, வியர்வை ஒழுக, வானத்தைப் பார்த்துப் பல்லைக் கடித்துத் தாண்டவமாடினான் நம் வீரன். அக்காலத்தில் சாவடியின் முன் வியர்ப்பதே குற்றம், ஆடுவது பெருங்குற்றம், கழுத்தில் தோற்பை கட்டிய வளையத்தோடு ஆடுவதற்கோ சட்டத்தில் பெயரே இல்லை. ஆம், வளையத்தைக் கொண்டுவந்திருந்தான். வீட்டில் விட்டால் எவனாவது அரசைக் கைப்பற்றிவிடுவானே!

இளஞ்சிப்பாய் ஒருவன் துப்பாக்கியை உயர்த்தினான். "அய் மே நட்டன்னே?"

"ஏன் ஆடுறாய் எண்டு கேக்கிறான்" என்றான் யோகநாதன், பழக்கதோஷத்தில் நீதிமன்றக் குரலில். சிப்பாயின் துப்பாக்கி வளையத்தைச் சுட்டியது. "மேக்க மொகத்த?"

இது என்ன என்ற அக்கேள்வியின் முன், தோற்பையுள் வெடிமருந்து தேடும் அக்கண்களின் முன், ரயில்வே வழக்கத்தை முழுவதும் விளக்கப் போதிய நேரம் இல்லையென்று மொழிபெயர்ப்பாளன் கணித்தான். சுருக்கமாய்ச் சொன்னான்: "வெசிக்கிலியட்ட யன்ன பாஸ் எக்க, மாத்தயா." கக்கூசுக்குப் போவதற்கான பாஸ், ஐயா.

சிப்பாய் வளையத்தை வாங்கி இருபுறமும் திருப்பிப் பார்த்தான். தோற்பையைத் திறந்து மூடினான். தலையசைத்துத் திருப்பிக் கொடுத்தான். நடக்கப் பாஸ், தங்கப் பாஸ், தூங்கப் பாஸ் என்றிருந்த நாட்டில் இதற்கும் ஒரு பாஸ் இருப்பது அவனுக்கு விசித்திரமாய்ப் படவில்லை. ஆனாலும் சந்தேகம் தீரவில்லை; இந்த ஆள் இத்தனை ஆட என்ன நோய் என்றான்.

இப்போது பாருங்கள், விதியின் விளையாட்டை! எந்த வழக்கைப் பொய்யென்று நிறுவக் காலையில் புறப்பட்டானோ, அதே வழக்குக்குச் சாட்சி சொல்லவேண்டிய கட்டத்தில் நின்றான் யோகநாதன். வேறு நோய் எதற்கும் சிப்பாய் இரங்கமாட்டானென்று அவனுக்குத் தெரியும். தொண்டையைச் செருமினான். "பிளிக்காவ, மாத்தயா." புற்றுநோய், ஐயா.

சிப்பாயின் துப்பாக்கி தாழ்ந்தது. "மகே தாத்தாட்டத் திப்பா" என்றான் மெல்ல. தன் தகப்பனுக்கும் இருந்ததாம். மணல்மூட்டைகளின் பின்னால் கையைக் காட்டினான். வீரன் பாய்ந்தான். பஸ் முழுவதும் காத்திருந்தது. நாலு துளி வந்தது.

கொட்டாஞ்சேனையில், தேவாலய மணியோசை விழும் தெருவொன்றில், டொக்டர் ஹாஷிமின் டிஸ்பென்சரி. உள்ளே தொங்கிய பச்சைத் திரைக்கு அப்பால் நடந்த சமரை விரித்துரைக்க என் பேனா கூசுகிறது; கூசினாலும் எழுதும். டொக்டர் கேள்விகள் கேட்டார், வயிற்றைத் தொட்டார், சிறுநீரைப் புட்டியில் வாங்கினார். பின்பு இறப்பர்க் கையுறையொன்றை எடுத்து மாட்டினார். அந்தக் கையுறையில் ஐந்து விரல் இருந்தும் வீரனின் கண்ணுக்குத் தெரிந்தது ஒன்றுதான். வேலாயுதமோ, வச்சிராயுதமோ, உலகை முடிக்கும் ஊழித்தண்டமோ என்று அவன் நடுங்கி நிற்க, அது வசலீன் பூசிக்கொண்டு நிமிர்ந்தது.

"திரும்பிப் படுங்க. மெதுவாத்தான் பாப்பன்."

"வேற வழி இல்லையோ டொக்டர்?"

"ஈக்கி" என்றார் டொக்டர், இருக்கிறது என்பதைத் தம் பேச்சு வழக்கில். "வாசல் அந்தப் பக்கம்."

வளையத்தைப் பல்லால் கடித்துக்கொண்டு திரும்பிப் படுத்தான். எழுந்த ஒலியைக் கேட்டுக் கொட்டாஞ்சேனைச் சனம், தம் ஊருக்கு ரயில் வந்துவிட்டதென்று பெட்டி படுக்கையோடு தெருவுக்கு ஓடிவந்தது. முன்பு சொன்ன சத்தியத்தை இந்த இடத்தில் மறுபடியும் நினைவூட்டுகிறேன். சமரோ, இமை இரண்டுமுறை கொட்டுமுன் முடிந்துவிட்டது.

கையுறையைக் கழற்றியபடி டொக்டர் சொன்னார்: "கான்சர் மாதிரி ஒண்டும் கைக்குப் படல்ல. இது அழற்சி. இன்ஃபெக்ஷன். சுரப்பி வீங்கி, சூடாகி, தொட்டாலே நோகுது. கான்சர் எண்டா சாமானியமா கல்லு மாதிரி ஒரு கட்டி தட்டுப்படும், நோகாது. காய்ச்சல், குளிர், எரிவு எண்டு ஒரே நாள்ல சத்தம் போட்டுக்கிட்டு வாரது இதுதான். மத்தது சத்தம் போடாம வரும்."

"அப்ப அந்தப் பதினாலு?"

"வீங்கினாலும் அந்த நம்பர் ஏறும். காய்ச்சலோட போய் அதப் பாக்கச் சொன்னது ஆரு?"

பெற்றோல் ஷெட்டை வீரன் காட்டிக்கொடுக்கவில்லை.

"நாலு கிழமைக்கு குளிசை முழுங்கோணும். சுகமெண்டு இடையில நிப்பாட்ட வாணாம். தண்ணி நல்லாக் குடிங்க. அடக்கி வைக்க வாணாம். ஒண்ணுக்குப் போகவே ஏலாம அடைச்சா ஒடனே ஆஸ்பத்திரி. எல்லாம் ஆறி ஒண்டு ரெண்டு மாசத்தால அந்த நம்பரத் திரும்பப் பாப்பம். அப்பவும் எறங்காட்டித்தான் மத்ததத் தேடோணும். இது ஈக்கிறதால அது வராதெண்டும் நெனைக்க வாணாம்."

திரையின் இப்புறத்தில் வாங்கிலிருந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த யோகநாதன், வளையம் கைக்கு வந்த களிப்பில் சிரித்தான். "பாத்தியளோ மாஸ்டர், நான் அண்டைக்கே சொன்னனான்! என்னைப் பாருங்கோ டொக்டர், இதே வயசு, ஒரு நோவில்லை, ஒரு எரிவில்லை. ஆறுதலாப் போறதைத் தவிர ஒண்டுமில்லை."

டொக்டர் ஹாஷிம் திரையை விலக்கி அவனை ஏற இறங்கப் பார்த்தார். "சத்தம் போடாம ஈக்கிறது நல்லதெண்டு ஆரு சொன்ன? நீங்களும் வாங்க உள்ளுக்கு."

யோகநாதனின் சிரிப்பு முகத்தில் ஒட்டியபடியே காய்ந்தது. புதிய கையுறையின் ஓசை கேட்டது. வாங்கில் இப்போது நம் வீரன் அமர்ந்திருந்தான். அமர முடியாத இடத்தில் முள் குத்தியும், வாழ்நாளில் இத்தனை சுகமாய் அவன் அமர்ந்ததில்லை. உள்ளிருந்து காலிக் கோட்டின் மொழிபெயர்ப்பாளன் இரு மொழிகளிலும் ஒரே நேரத்தில் அலறினான். "வழுவழுப்பா ஈக்கி. வயசுக்கு வார பருமன்தான். இதுக்கும் மருந்து ஈக்கி, ஆறுதல் எண்டு பேர் வச்சிக்கிட்டுத் திரிய வாணாம்" என்பது தீர்ப்பு.

திரும்பி வரும் வழியில் பஸ்ஸில் நம் வீரன் யன்னலுக்கு முகத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தான். கடற்காற்றுக் கண்ணில் பட்டதென்றான். எந்தப் பக்கத்துக் கடற்காற்று ஒரு மனிதனைப் பம்பலப்பிட்டி மட்டும் விம்மவைக்கும் என்று யோகநாதன் கேட்கவில்லை. ஒழுங்கை முனையில் இறங்கியதும் வீரன் அவன் கையைப் பிடித்தான்.

"யோகநாதன், வளையம் உமக்குத்தான். ஆனால் வீட்டில கான்சர் இல்லையெண்டு சொல்லாதேயும். அந்த ஹோர்லிக்ஸ் எல்லாம் குடிச்சுப்போட்டு, என்ன முகத்தோட..."

"நாள்விட்டு நாள் வளையம். ஹோர்லிக்ஸில பாதி. டொக்டர் என்னைப் பாத்ததைப்பற்றி நீங்களும் மூச்சுவிடக்கூடாது."

உடன்படிக்கை கைச்சாத்தானது. போர்க்காலத்தில் அந்நாட்டில் செய்யப்பட்ட உடன்படிக்கைகளுள் இரு தரப்பும் மனமொப்பிச் செய்தது அது ஒன்றே.

நாலு கிழமைக் குளிசையை ஒன்று தவறாமல் விழுங்கியதும், பிறகு அந்த இலக்கம் மூன்றுக்கு இறங்கியதும், பரிசோதனையில் தேறியதும், கவிழ்த்து வைத்த படத்தை நிமிர்த்திப் பெட்டியில் வைத்துக்கொண்டு டொராண்டோவுக்கு ஏறியதும் பின்னால் நடந்தவை. அவற்றைப் பாட எனக்கு விருப்பமில்லை. நலமாயிருப்பவனைப் பாடி என்ன கண்டோம்? நம் காவியம் முடியவேண்டியது அன்றைய பின்னேரத்தில், நீலக் கதவின் முன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் மயிலம்மா குசினிப் படியில் நின்றே கேட்டாள். "என்னவாம்?"

"கான்சர்தான்" என்றான் வீரன், கம்பீரமாய். "ஆனால் நாலு கிழமையில மாறுற சாதி."

"அப்பிடியும் ஒண்டு வந்திருக்கோ?" என்றுவிட்டுப் பெருமாட்டி ஒரு செம்பு பார்லித் தண்ணீரை நீட்டினாள். தாகத்தால் வறண்டு கிடந்த அந்தப் பாலைவனம் அதை ஒரே மூச்சில் குடித்தது. இன்னொரு செம்பும் குடித்தது. தண்ணீர் நல்லதென்று தனக்கும் சொல்லப்பட்டதாய்க் கருதி யோகநாதனும் குடித்தான். குடித்த பயன் இருவருக்கும் ஒருங்கே விளைந்தது. இருவரும் நீலக் கதவை நோக்கி விரைந்தார்கள். இன்று எவன் நாள் என்பது உடன்படிக்கையில் இல்லை.

அந்தோ, அப்போது நிகழ்ந்த வளையப் போர்! கீழிருந்து ஒருவன் இழுக்க, மேலிருந்து ஒருவன் இழுக்க, நரைத்த மயிர் சிலிர்க்க, சாரமும் காற்சட்டையும் சரிய, "விடும்!" "விடுங்கோ மாஸ்டர்!" என்னும் முழக்கங்கள் கூடத்தை அதிரவைக்க, இரு மதயானைகள் ஒரு கரும்புக்குப் பொருதாற்போலப் பொருதார்கள். ரயில்வேயின் எத்தனையோ மழைக்காலங்களைத் தாங்கிய பிரம்பு படாரென்று முறிந்தது. ஆளுக்கொரு பாதியோடு விழுந்தெழுந்து, அவ்விரு அரைவளைய வேந்தரும் கதவைத் தள்ளினார்கள். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. உள்ளே, வளையம் எதுவுமின்றி, பிரான்சுக்குப் போகக் காத்திருந்த சின்னராசா என்னும் இளைஞன் பாட்டொன்றை முனகிக்கொண்டு குளித்துக்கொண்டிருந்தான். வளையம் ஊரிலில்லாத அந்தப் பகல் முழுவதும் வீட்டார் ஒரு சண்டையுமின்றி வந்து போய்க்கொண்டிருந்தார்களாம்.

"அடக்கி வைக்க வாணாம்" என்ற மருத்துவ ஆணை வீரனின் செவியில் இடியாய் முழங்கிற்று. இடப்பக்கம் கதவு, வலப்பக்கம் சுவர், உள்ளே கடல். சிவபாதசுந்தரம் தன் வாழ்வில் முதன்முறையாகச் செங்கொடியை மீறினான். அரைவளையத்தை எறிந்துவிட்டு ஓடினான். குசினிக்குள் புகுந்து நின்றான். ஆறாயி அகப்பையோடு சுவரில் ஒட்டிக்கொண்டாள். பின்னால் யோகநாதனும் வந்து நின்றான். அறை போனாலும் போகட்டுமென்று, முதுமையும் மானமும் ஒருங்கே இழந்த குரலில் வீரன் கதறினான்.

"அம்மா, என்னாலை ஏலாது!"

மயிலம்மா இருவரையும் பார்த்தாள். அவர்களுடைய கால்களைப் பார்த்தாள். தேங்காய் துருவிக்கொண்டிருந்த கையால் பின்கதவைக் காட்டினாள்.

"இதுக்கேன் இவ்வளவு? ஒருத்தரும் என்னட்டக் கேக்கேல்லையே."

குசினிக்குப் பின்னால் இன்னொரு கக்கூஸ் இருந்தது.